ஒரு நாள் வாடகைக்கு ப்ரொஜெக்டர், ஒரே ஒரு படம்: புக்கோட சேத்துப் பாக்க எது தேறும்?

போன வருஷம் மே மாசம் முத்தியால்பேட்டைல எங்க அக்கா வீட்டு மொட்டை மாடில படம் போட்டோம். ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, கல்யாணத்துக்கு வாங்குன வெள்ள பெட்ஷீட்ட துணி காயப்போடற கம்பில கட்டி, பசங்க எட்டு பேரு பாய் விரிச்சு உக்காந்து, அக்கா ஒரு குண்டான் நெறைய சுண்டல் போட்டு, எல்லாம் அமக்களமாத்தான் ஆரம்பிச்சுது. படம் ஓட ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல பசங்க ஸ்கிரீன பாத்து கத்தறாங்க. பயத்துல இல்லங்க, கோவத்துல. "இது புக்லயே இல்ல சித்தி", "இவன் எங்க இங்க வந்தான்", "அந்த சண்டைக்கார சாமி எங்க போச்சு"ன்னு. கடைசில பாதி பேரு சுண்டல் தீந்ததும் கீழ எறங்கிட்டாங்க.

அந்தப் படம் பெர்சி ஜாக்சன், கிரேக்க சாமிக்குப் பொறந்த ஒரு பையனோட கத. எட்டு பேருல அஞ்சு பேரு புக்க முழுசா படிச்சிருந்தாங்க, அதான் வினையே.

இந்த வருஷமும் மே கடைசில ஒரு நாளைக்கு ப்ரொஜெக்டர் சொல்லி வெச்சிருக்கேன், அட்வான்ஸும் குடுத்தாச்சு. போன தடவ வேற ஒரு கடைல எடுத்து, ரிமோட்ல பேட்டரி இல்ல, கேபிள் லூசு, ரெண்டு மணி நேரம் ஒருத்தன் அத கையால புடிச்சுக்கிட்டே நின்னான், அந்தக் கத வேணாம். இப்ப கேள்வி என்னன்னா, பசங்க படிச்ச புக்ல எதோட படத்த போடறது. அக்கா பொண்ணுதான் இதுக்கு லீடர், ஒம்பதாவது முடிச்சிருக்கா, அவ லிஸ்ட்ல ரெண்டு, என் லிஸ்ட்ல ஒண்ணு. ரெண்டு வாரமா போன்ல இதே பஞ்சாயத்து. நான் கடலூர்ல வேல பாக்கறேன், தெனம் பாண்டிலேந்து பஸ்ல போயிட்டு வரேன், அதனால ரெட்டிச்சாவடிக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவுல யோசிச்சது தான் இதெல்லாம், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்.

மொதல்ல பெர்சி ஜாக்சன முடிச்சிடறேன், ஏன்னா அது எதுக்கு சொதப்புச்சுன்னு புரிஞ்சாத்தான் மத்தத எட போட முடியும். ரிக் ரியோர்டன் எழுதுன மொத புக் 2005ல வந்துச்சு, படம் 2010ல. டைரக்டர் கிறிஸ் கொலம்பஸ். இதுல என்ன வேடிக்கன்னா இதே ஆளுதான் 2001ல ஹாரி பாட்டர் மொத படத்த எடுத்தாரு, அந்தப் படத்த புக்க பக்கத்துல வெச்சுக்கிட்டு எடுத்த மாதிரி அவ்ளோ ஒட்டி எடுத்துருப்பாரு, ரெண்டரை மணி நேரம் ஓடும், பீவ்ஸ்ங்கற அந்த சேட்டக்கார பேய விட்டுட்டாங்கன்னு இன்னிக்கும் பொலம்பறவங்க இருக்காங்க, மத்தபடி பெரிசா குத்தம் சொல்ல முடியாது. அதே கை பெர்சிய எடுத்தப்ப பன்னண்டு வயசுப் பையன ஹைஸ்கூல் பையனா ஆக்கிடுச்சு. அது சின்ன மாத்தம்னு தோணும். ஆனா அந்தக் கத வரிசைல இருக்கற பெரிய ஜோசியமே பதினாறு வயச தொடும்போது என்ன ஆகும்ங்கறது தான். பன்னண்டுல ஆரம்பிச்சாத்தான் அந்த பதினாற நெனச்சு பயப்பட நாலு வருஷம் இருக்கும், பெரிய பையனா ஆரம்பிச்சா அந்த பயத்துக்கு எடமே இல்ல. புக்ல கடக்கரைல ஏரிஸ்ங்கற சண்டைக்கார சாமியோட போடற சண்ட, அந்த சாமியே படத்துல கெடையாது. எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கற வில்லன் குரோனோஸையும் தூக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா முத்து தேடி ஊர் ஊரா போறாங்க. எழுத்தாளரே படம் எடுக்கறதுக்கு முன்னாடி தயாரிப்பு ஆளுங்களுக்கு வயச ஏத்தாதீங்கன்னு எழுதுன மெயில பல வருஷம் கழிச்சு வெளிய போட்டாரு.

அப்பறம் 2023 டிசம்பர்ல சீரியலா வந்துச்சு, எட்டு எபிசோட், இந்த தடவ அவரே கூட இருந்து பண்ணாரு, பையனுக்கு சரியான வயசு, சம்பவமெல்லாம் ஏறக்கொறைய வரிசையா வருது. அத பசங்களுக்கு போட்டா சரியாயிடும்னு நெனச்சேன். அக்கா பொண்ணு பாத்துட்டு சொன்னது: "எல்லாம் இருக்கு சித்தி, ஆனா போர்." எனக்கு முதல்ல புரியல. அப்பறம் மெடூசா, அதான் பாத்தவங்கள கல்லாக்கற ராட்சசி, அவ வர்ற எடத்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். புக்ல பசியோட போற பசங்க, ஒரு அம்மா கூப்பிட்டு சாப்பாடு போடறாங்க, சிலையெல்லாம் ஏன் இப்படி பயந்த மூஞ்சியோட இருக்குன்னு நமக்கு மெல்ல மெல்ல ஒறைக்குது, நாம அந்தப் பையனுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கண்டுபுடிச்சிட்டு "டேய் எந்திரிடா"ன்னு மனசுக்குள்ள கத்தறோம். சீரியல்ல அவங்க வாசல்லயே இது மெடூசான்னு தெரிஞ்சுதான் உள்ள போறாங்க. சம்பவம் அதேதான், ஆளும் அதே ஆளுதான். தெரியாம போய் மாட்டிக்கற சொகம் மட்டும் காணாம போச்சு.

அங்கதான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. எத்தன சீன வெட்டுனாங்க, எத்தன ஆள தூக்குனாங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்கறது வெட்டி வேல. ஒரு விஷயம் நமக்கு எப்ப தெரிய வருது, கதைல இருக்கற பையனுக்கோ பொண்ணுக்கோ எப்ப தெரிய வருது, அந்த நேரத்த படம் மாத்துச்சா இல்லையா, அத பாத்தா போதும். பசங்க கோவப்பட்டதும் அதுக்குத்தான்னு நெனைக்கறேன், அவங்களுக்கு அத சொல்லத் தெரியல, "புக்ல இல்ல"ன்னு சொன்னாங்க.

சரி, இந்த வருஷ லிஸ்டுக்கு வரேன். அக்கா பொண்ணு கேக்கறது ஹங்கர் கேம்ஸ். இல்லன்னா ஹாரி பாட்டர் மூணாவது. நான் கேக்கறது லைஃப் ஆஃப் பை. பாட்டர பத்தி ரெண்டே வரி: 2004ல வந்த அந்த மூணாவது படம் பாக்க ரொம்ப அழகு, ஆனா அந்த மேஜிக் மேப்ப வரைஞ்சது யாருன்னு படம் வாயே தெறக்காது, புக் படிக்காத பசங்களுக்கு அது ஒரு கொறையாவே தெரியாது, படிச்சவங்களுக்கு அதுதான் கதையோட முடிச்சு. எட்டு பேருல ஆறு பேரு ஏற்கனவே நாலஞ்சு தடவ டிவில பாத்தாச்சு. அத மறுபடி எதுக்கு காசு குடுத்து ப்ரொஜெக்டர் எடுத்து பாக்கணும்? தள்ளியாச்சு.

ஹங்கர் கேம்ஸ் நெஜமாவே வலுவான போட்டி. சூசன் காலின்ஸ் புக் 2008, படம் 2012, திரைக்கதைல எழுத்தாளரும் சேந்து ஒக்காந்தாங்க, அதனால மேல மேல பாத்தா ஒட்டித்தான் இருக்கும். பன்னண்டு மாவட்டம், மாவட்டத்துக்கு ரெண்டு பசங்க, இருவத்திநாலு பேர உள்ள விட்டு கடைசி ஆளு மிஞ்சற வரைக்கும் டிவில காட்டறது, எல்லாம் அப்படியே. சின்னச் சின்ன மாத்தம் உண்டு. கதாநாயகி காட்னிஸ் சட்டைல குத்திக்கற பறவ ஊக்க புக்ல மேயர் பொண்ணு குடுப்பா, படத்துல அந்தப் பொண்ணே இல்ல, சந்தைல கெடைக்குது. கடைசில அவ மாவட்டத்துலேந்து கூட வந்த பையன் பீட்டாவுக்கு ஒரு கால் போயிடும் புக்ல, படத்துல கால் பத்திரமா இருக்கு. எங்க பசங்க இந்த கால் மேட்டர்ல தான் ரொம்ப அடிச்சுக்கிட்டாங்க, எனக்கு என்னவோ அது பெரிய விஷயமா படல.

எனக்கு உறுத்தறது வேற எடம். புக் முழுக்க காட்னிஸ் வாயாலயே வருது, அதுவும் இப்ப நடக்கற மாதிரி, அவளுக்கு தெரிஞ்சது மட்டும்தான் நமக்கும். ஆட்டத்துல ஆரம்பத்துல அவளுக்கு தண்ணி கெடைக்காது. நாக்கு வறண்டு, தல சுத்தி, நடக்க முடியாம, வெளிய இருக்கற அவளோட வழிகாட்டி ஹேமிட்ச் நெனச்சா ஸ்பான்சர் காசுல ஒரு பாட்டில் தண்ணி பாராசூட்ல எறக்கலாம், ஏன் எறக்கலன்னு அவன திட்டறா. அவன் குடிகாரன், என்ன சாவடிக்கறான்னு நெனைக்கறா. அப்பறம் அந்த நெலமைலயும் யோசிக்கறா: அவன் அனுப்பாம இருக்கறதே ஒரு தகவலா இருந்தா? தண்ணி பக்கத்துலயே இருக்கு, கொஞ்சம் நடன்னு சொல்றானா? எழுந்து நடக்கறா, சேறு தட்டுப்படுது. ஒருத்தன் ஒண்ணுமே அனுப்பாதத லெட்டரா படிக்கற பொண்ணு அவ. இத நான் கிருமாம்பாக்கம் தாண்டி பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன், எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன், கண்டக்டர் வேற பாத்து மொறச்சாரு.

படத்துல இந்த எடம் இல்ல. அதுக்கும் மேல, பின்னாடி குகைல பீட்டாவுக்கு முத்தம் குடுத்ததும் கஞ்சி மாதிரி சூப் வருமே, புக்ல வெறும் சூப் தான் வரும், "ஓஹோ, காதல் மாதிரி நடிச்சா சாப்பாடு வரும்"னு அவளே கணக்கு போட்டுப்பா. படத்துல சூப்போட ஒரு சீட்டு வருது, இதெல்லாம் ஒரு முத்தமான்னு கிண்டலா ஹேமிட்ச் எழுதி அனுப்பறான். சீட்டுல எழுதிட்டா அப்பறம் அவ மூளைக்கு என்ன வேல? நடிக்கறாளா, நெஜமாவே புடிச்சிருக்கான்னு அவளுக்கே கொழப்பமா இருக்கறது தான் அந்த புக்கோட உயிர், படத்துல அந்தப் பொண்ணு நல்லா நடிச்சும் அது காதல் கத மாதிரியே போயிடுது.

ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். படம் அவள விட்டு வெளிய போய் கண்ட்ரோல் ரூம காட்டுது பாருங்க, வெள்ள டிரஸ் போட்டவங்க மேசைய சுத்தி உக்காந்துக்கிட்டு பட்டன தட்டி காட்டுல தீய வெக்கறாங்க, மிருகத்த செஞ்சு எறக்கறாங்க, ஆபீஸ்ல எக்செல் போடற மாதிரி சாதாரணமா. புக்ல அது வரவே முடியாது, ஏன்னா காட்னிஸுக்கு தெரியாது. காட்னிஸோட கூட்டு சேந்த சின்னப் பொண்ணு ரூ செத்ததும் புக்ல அவளோட பதினோராவது மாவட்டத்துக்காரங்க இவளுக்கு ஒரு ரொட்டி அனுப்புவாங்க, சின்ன ரொட்டி, அவங்களே பட்டினி கெடக்கறவங்க. படத்துல ரொட்டிக்குப் பதிலா அந்த மாவட்டத்துல கலவரம் வெடிக்குது. ரொட்டியா கலவரமான்னு கேட்டா எனக்கு ரொட்டி. அக்கா பொண்ணுக்கு கலவரம். பதினாலு வயசுக்கு அதுதான் புடிக்கும், அதுல தப்பில்ல.

மொட்டை மாடி கணக்குன்னு ஒண்ணு இருக்கு. 142 நிமிஷம் படம், கேமரா ஆட்டமா ஆடும், காத்துல பெட்ஷீட்டும் ஆடும், ரெண்டும் சேந்து ஆடுனா தலவலி கேரண்டி. பசங்கள்ல சின்னவனுக்கு பன்னண்டு வயசு, கீழ் வீட்டுப் பையன், அவன் புக் படிச்சிட்டான் தான், ஆனா பசங்கள பசங்க கொல்றத படிக்கறது வேற, பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பாக்கும்போது பெட்ஷீட்ல பெருசா பாக்கறது வேற.

லைஃப் ஆஃப் பைய நான் எடுத்துக்கிட்டது ஊர்ப் பாசத்துலன்னு அக்கா பொண்ணு கிண்டல் பண்றா. கொஞ்சம் உண்மதான். நம்ம பாண்டி பொட்டானிக்கல் கார்டன்ல தான் பைங்கற அந்தப் பையனோட அப்பா மிருகக்காட்சி சாலை வெச்சிருந்ததா கத, பொம்ம ரயில் கூட புக்ல வருது. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ்ல ஒரு வயசானவரு எழுத்தாளர பாத்து, கடவுள நம்ப வெக்கற கத ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு சொல்ற எடத்துல தான் புக்கே தொடங்குது. யான் மார்டெல் எழுதி 2001ல வந்துச்சு, அடுத்த வருஷம் புக்கர் பரிசு. ஆங் லீ படம் 2012, நாலு ஆஸ்கர், டைரக்டருக்கும் சேத்து. கறாரா பாத்தா இது பதின்வயசுக்காரங்களுக்குன்னு எழுதுன நாவல் இல்ல. ஆனா பதினாறு வயசுப் பையன் கப்பல் முழுகி குடும்பம் மொத்தத்தையும் கடல்ல விட்டுட்டு 227 நாள் படகுல கெடக்கற கதைய பதின்வயசுக்காரங்க படிக்காம வேற யாரு படிப்பா.

எங்க காப்பி சண்டே மார்க்கெட்ல ரோட்டோரம் பரப்பி வெச்சிருந்த பழைய புக் குமியல்ல எடுத்தது, முன்னட்ட கிழிஞ்சு போச்சு. அந்தக் கிழிஞ்ச அட்டதான் எங்க அதிர்ஷ்டம். ஏன்னா ஒரு சாயங்காலம் நான் தவளக்குப்பம் கிட்ட பஸ்ல வரேன், அக்கா பொண்ணு போன் பண்றா, குரலே சரியில்ல. "சித்தி, ரிச்சர்ட் பார்க்கர் புலியா?"ன்னு கேக்கறா. ஆமாடி, ஏன்டி, புலி கதைன்னு தெரியாதான்னா, "புலி வரும்னு தெரியும், ரிச்சர்ட் பார்க்கர்னா யாரோ வெள்ளக்கார தாத்தான்னு நெனச்சேன், தண்ணில முழுகறான், இவன் வா வான்னு கூப்பிட்டு டியூப் போட்டு இழுத்து காப்பாத்தறான், நானும் காப்பாத்துடா காப்பாத்துடான்னு படிக்கறேன், இழுத்து ஏத்துனதுக்கு அப்பறம் பாத்தா புலி"ங்கறா. புக் அத அப்படித்தான் கட்டி வெச்சிருக்கு. மொத பகுதில அங்கங்க அந்தப் பேர சும்மா வீசிட்டுப் போவாரு, ஒரு போட்டோவ கூட காட்டி இதுதான் ரிச்சர்ட் பார்க்கர்ம்பாரு, புலின்னு வாய தெறக்க மாட்டாரு. முப்பத்தேழாவது அத்தியாயத்துல தான் நமக்கும் பைக்கும் ஒண்ணா ஒறைக்கும், ஐயோ யார படகுல ஏத்துனோம்னு.

படம் இத தொலச்சிடுச்சு, ஒத்துக்கறேன். பை சின்னப் பையனா இருக்கும்போதே கூண்டுக் கம்பி வழியா கறிய நீட்டி ரிச்சர்ட் பார்க்கர கூப்பிடறான், அப்பா ஓடி வந்து இழுக்கறாரு, அப்பறம் ஆட்ட கட்டி வெச்சு புலி என்னன்னு காட்டறாரு. புக்ல ஆட்ட அடிக்கற புலி வேற, மகிஷான்னு பேரு, பை அங்க ஒண்ணும் கைய நீட்டல, அப்பாவா பாடம் நடத்தணும்னு ரெண்டு பசங்களையும் கூப்டுட்டுப் போறாரு. அதோட நிறுத்த மாட்டாரு. சிங்கம், கரடி, நீர்யானன்னு ஒவ்வொரு கூண்டா கூட்டிட்டுப் போய் இது இப்படி கொல்லும், அது அப்படி கொல்லும்னு சொல்லி சொல்லி கடைசில எலி மாதிரி இருக்கற கினி பிக் கிட்ட வந்து இது ஒண்ணும் பண்ணாதும்பாரு. அந்த எடத்துல நான் சிரிச்ச சிரிப்பு. படத்துல அந்த சிரிப்பு இல்ல, பயம் மட்டும்தான்.

இன்னும் என்னென்ன போச்சுன்னா, பீச் ரோட்டுல ஒரு ஞாயித்துக்கெழம, பை அப்பா அம்மாவோட நடந்துட்டு இருக்கும்போது, பாதிரியார், இமாம், ஐயர் மூணு பேரும் ஒரே நேரத்துல எதுக்க வந்து, இந்தப் பையன் எங்க பக்தன்னு ஆளாளுக்கு சொந்தம் கொண்டாட, அப்பா அம்மாவுக்கு அப்பதான் தன் புள்ள மூணு எடத்துலயும் சாமி கும்பிடறான்னு தெரிய வரும். நம்ம பீச் ரோட்ட தெரிஞ்சவங்களுக்கு அது எவ்ளோ கூத்துன்னு புரியும், பாதி ஊர் வேடிக்க பாத்திருக்கும். சாமியே இல்லங்கற பயாலஜி சார் குமாரும், தொழுகைக்குப் போற ரொட்டிக்கட குமாரும், ஒரே பேருல ரெண்டு பேரு, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு வரிக்குதிரைய பாக்கற எடம் எவ்ளோ அழகா இருக்கும், அதுவும் படத்துல இல்ல. அதுக்கு பதிலா ஆனந்தின்னு ஒரு பொண்ணு, டான்ஸ் கிளாஸ், கண்ணு கண்ணு பாக்கறது. புக்ல தேடிப் பாத்தாலும் கெடைக்காது. அக்கா பொண்ணு இதுக்கு ரொம்ப கோவப்பட்டா, "எதுக்கு சித்தி எல்லாத்துலயும் ஒரு லவ்வு?" கடல்ல கண்ணு தெரியாம போனப்ப வர்ற அந்த பிரெஞ்சுக்காரன் எபிசோடும் கட். கழுதப்புலி வரிக்குதிரைய உசிரோட திங்கறது புக்ல பக்கம் பக்கமா வரும், எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல, படத்துல அத பாதி மறச்சு காட்டறாங்க. அதுக்கு நான் கும்பிடு போடறேன், கீழ் வீட்டுப் பையன நெனச்சு.

இவ்ளோ போயும் நான் ஏன் இதையே கேக்கறேன்னா அந்த ஆஸ்பத்திரி சீனுக்காக. (கதையோட முடிச்சு இனிமே வருது, புக் படிக்காதவங்க இங்கயே எறங்கிக்கோங்க.) கப்பல் கம்பெனிலேந்து ரெண்டு ஜப்பான்காரங்க வந்து, புலி, வரிக்குதிர, கறி திங்கற தீவு எல்லாம் நம்பற மாதிரி இல்ல, வேற சொல்லுன்னு கேக்கும்போது பை ரெண்டாவதா ஒரு கத சொல்றான், மிருகமே இல்லாத கத, சமையல்காரன், கால் ஒடஞ்ச மாலுமி, அம்மா. புக்ல இது முழுக்க டேப்ல பதிவான பேச்சா, யாரு பேரு, அவங்க என்ன சொன்னாங்கன்னு மட்டும் இருக்கும், வர்ணன கெடையாது. சினிமாக்காரங்க கைல இது கெடச்சா என்ன பண்ணுவாங்க? பிளாஷ்பேக் போட்டு, அம்மாவ வெட்டறத காட்டி, ரத்தம் தெறிச்சு, பின்னாடி வயலின் அழுது. ஆங் லீ ஒண்ணையும் காட்டல. கட்டில்ல படுத்திருக்கற பையன் மூஞ்சிகிட்ட கேமராவ மெல்லமா கொண்டு போய் வெச்சிட்டு சும்மா இருந்துட்டாரு. அவன் சொல்றான், நாம கேக்கறோம், அவ்ளோதான். அதுவரைக்கும் திமிங்கலம், மின்னற கடல்னு கோடிக்கணக்குல கொட்டி காட்டுன படம், இந்தக் கதைக்கு மட்டும் ஒரு ஃபிரேம் கூட காட்டாம விட்டுச்சு. நாம கண்ணால பாத்தது ஒண்ணு, காதால கேட்டது ஒண்ணு, எத நம்புவன்னு கேக்கணும்னா ரெண்டாவதயும் காட்டியிருக்கக் கூடாது, காட்டுனா அதுவும் நடந்ததாவே ஆயிடும். புக் எழுத்துல பண்ண வேலைய படம் வேற வழில அச்சா செஞ்சிருக்கு. ரிச்சர்ட் பார்க்கர் விஷயத்துல நேரத்த கெடுத்த அதே படம், முக்கியமான எடத்துல கெடுக்கல.

அக்கா பொண்ணோட எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அத ஒதுக்க முடியாது. "ஹங்கர் கேம்ஸ் எட்டு பேரும் முடிச்சாச்சு, பை மூணு பேருதான் முடிச்சோம், மத்தவங்க கடல்ல படுத்துட்டாங்க." உண்மதான். நூறு அத்தியாயம், பாண்டி வர்ற மொத பகுதி முப்பத்தாறு வரைக்கும் விறுவிறுன்னு போவும், அப்பறம் தொண்ணுத்தி நாலு வரைக்கும் தண்ணி தண்ணி தண்ணி, மீன் புடிக்கறது, ஆம அறுக்கறது, மழத் தண்ணி சேக்கறது. கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தி அறுவதாவது அத்தியாயத்துல மடிச்சு வெச்சவ தொறக்கவே இல்ல. போன வருஷ ரூல் படி, படிச்சு முடிச்ச புக்குக்கு தான் படம்.

இதுல தான் நான் ரூல மாத்தலாம்னு கேட்டேன். புக் மொதல்ல, படம் அப்பறம்ங்கறது காட்னிஸுக்கு சரி. அவ தலைக்குள்ள உக்காந்து படிச்சாத்தான் சூப்போட வர்ற சீட்டு எவ்ளோ மட்டம்னு தெரியும், படத்த மொதல்ல பாத்துட்டா அந்த காதல் கத மண்டைல ஒட்டிக்கும், அப்பறம் புக் படிச்சா அவ ஏன் இப்படி கணக்கு போடறான்னு அவ மேலயே கோவம் வரும். பைக்கு அப்படி வேணாம். மொத பகுதியையும் முப்பத்தேழாவது அத்தியாயத்தையும் எல்லாரும் கட்டாயம் படிச்சிடணும், அந்த டியூப் போட்டு இழுக்கற எடம் வரைக்கும், அத படம் தர முடியாது. கடல படத்துலயே பாத்துக்கட்டும், நெஜமா சொன்னா கடல் விஷயத்துல படம் தான் ஒரு படி மேல, அந்த ராத்திரி தண்ணியும் வானமும் ஒண்ணா தெரியற எடத்த பெட்ஷீட்ல பாத்தா கூட வாய பொளப்பாங்க. மூணாவது பகுதி, தொண்ணுத்தஞ்சுலேந்து நூறு, ரொம்ப சின்னது, படம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நிறுத்திட்டு மாடிலயே ஆளுக்கொரு பங்கா சத்தமா படிச்சிடலாம், படிச்சு முடிச்சிட்டு அந்த சீன ஓட விடலாம்.

"பாதில நிறுத்துனா பசங்க என்ன அடிப்பாங்க சித்தி"ன்னா. 127 நிமிஷம் படம், ஹங்கர் கேம்ஸ விட கால் மணி நேரம் கம்மி, அந்த கால் மணி நேரத்துல தான்டி படிக்கப் போறோம்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், அந்தப் பகுதில ஜப்பான்காரங்க வாழப்பழம் மெதக்காது, அதனால குரங்கு வாழத்தார் மேல உக்காந்து மெதந்து வந்துச்சுங்கறது பொய்னு சொல்லுவாங்களே, பை சிங்க்ல தண்ணி புடிச்சு போட்டுப் பாருங்கம்பானே, அத நெஜமாவே பண்ணலாமான்னு கேட்டா. கேட்டது மட்டுமில்ல, போன வெக்காம அடுப்படிக்குப் போய் பக்கெட்ல தண்ணி புடிச்சு ரெண்டு பூவம்பழத்த போட்டிருக்கா. "மெதக்குது சித்தி!" பின்னாடி எங்க அக்கா கத்தறது கேக்குது, அது வெள்ளிக்கெழம பூஜைக்கு வாங்குன பழம்.

அப்ப பைதான்னு முடிவாச்சு. ஹங்கர் கேம்ஸ தீபாவளி லீவுக்கு தள்ளி வெச்சிருக்கோம், டிவிலயே, சின்னவன் இல்லாம. இப்ப புது சண்ட என்னன்னா யாரு பை, அந்த ரெண்டு ஜப்பான்காரங்கள்ல யாரு ஒகாமோட்டோ, யாரு சிபான்னு. ஆஸ்பத்திரில அந்த ரெண்டு பேரும் பைக்கு பிஸ்கட் குடுத்துக்கிட்டே இருப்பாங்க, அவன் சாப்டாம போர்வைக்கு அடில ஒளிச்சு வெச்சுப்பான், அதனால எட்டு பேரும் பையா இருக்கணும்ங்கறாங்க. பிஸ்கட் செலவு என் தலைலன்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க.